முன்பதிவு இல்லாத இருபது நிமிடங்கள்: அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முதன்முறை கவுன்சலரிடம் பேசப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்கு வரும் நம் மாணவர்களுக்கு வங்கிக் கணக்கு தொடங்குவதையும், சிம் கார்டு வாங்குவதையும், எந்தக் கடையில் பொன்னி அரிசி கிடைக்கும் என்பதையும் சொல்லித்தர சீனியர்கள் இருக்கிறார்கள். மனம் தளர்ந்துபோனால் எந்த அறைக்குப் போகலாம் என்பதை மட்டும் யாரும் சொல்லித்தருவதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. ஆகஸ்டில் வந்து இறங்கினேன். அக்டோபரில் முதல் தேர்வு மதிப்பெண்களைப் பார்த்தேன். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பியபின், மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும் வட மாநிலம் அது. இரவு மூன்று மணிவரை விழித்துக் கிடந்துவிட்டு, மறுநாள் அம்மாவிடம் “நல்லா இருக்கேன்மா” என்று சொல்லி அழைப்பைத் துண்டித்துக்கொண்டே பல வாரங்களைக் கடத்திய பிறகுதான், நான் அன்றாடம் கடந்துபோகும் நூலகத்தின் இரண்டாம் மாடியில் வாரத்தில் ஒரு பிற்பகல் கவுன்சலர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியவந்தது. அந்த அறைக்குப் போகும் வழியை, இந்த ஆண்டு வந்திருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க விரும்புகிறேன்.

இது என்ன ஏற்பாடு

பல பல்கலைக்கழகங்களில் இதற்கு ‘லெட்ஸ் டாக்’ என்று பெயர். நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்காவில் உள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவாகி, பிறகு நாட்டின் பல பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. பல்கலைக்கழகத்தின் மனநல ஆலோசனை மையத்துக்கு வரத் தயங்கும் மாணவர்கள், குறிப்பாக ஆசியப் பின்னணி உள்ளவர்கள், நிலைமை முற்றிய பிறகே உதவி கேட்கிறார்கள் என்ற கவலையிலிருந்து பிறந்தது இது. மாணவர் தேடி வரட்டும் என்று மையத்திலேயே இருந்துவிடாமல், நூலகம், விடுதி, பன்னாட்டு மாணவர் அலுவலகம், பொறியியல் கட்டடம் என்று மாணவர்கள் ஏற்கெனவே புழங்கும் இடங்களுக்குக் கவுன்சலர்கள் தாங்களே வந்து உட்காருகிறார்கள்.

முன்பதிவு வேண்டாம், கட்டணம் இல்லை, நீண்ட படிவங்களும் இல்லை. உள்ளே போய் பதினைந்து இருபது நிமிடங்கள் பேசிவிட்டு வரலாம். எதிரே இருப்பவர் ஆலோசனை மையத்தில் வழக்கமாகப் பணிபுரியும் பயிற்சி பெற்ற கவுன்சலர்தான் என்றாலும், அந்த அறையில் அவர் உங்களுக்குச் சிகிச்சை தருவதில்லை. நீங்கள் சொல்வதைக் கேட்கிறார், ஒரு கோணத்தைக் காட்டுகிறார், அடுத்து எங்கே போகலாம் என்று வழி சொல்கிறார். நோயின் பெயரைக் கண்டறிந்து சொல்வதோ, மருந்து எழுதிக் கொடுப்பதோ, விடுப்புக்குச் சான்றிதழ் தருவதோ, வாரந்தோறும் தொடரும் சிகிச்சையோ இங்கே கிடைக்காது. இந்த வேறுபாட்டை முதலிலேயே புரிந்துகொண்டால் ஏமாற்றம் இருக்காது. மேலும், நம்மில் பலரைத் தடுத்து நிறுத்துவது ‘எனக்கு அப்படி என்ன வியாதி?’ என்ற கேள்விதான். வியாதி இருக்கவேண்டும் என்ற நிபந்தனையே இங்கு இல்லாததால் அந்தக் கேள்விக்கு விடை தேடிக்கொண்டு நாள்களைக் கடத்தவேண்டிய அவசியமும் இல்லை.

முதல் படி: இடத்தையும் நேரத்தையும் தெரிந்துகொள்ளுதல்

உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆலோசனை மையப் பக்கத்துக்குச் சென்று முன்பதிவில்லாத சந்திப்புகளைப் பற்றிய பகுதியைப் பாருங்கள். எல்லா இடங்களிலும் அது லெட்ஸ் டாக் என்ற பெயரிலேயே இருக்கும் என்று சொல்லமுடியாது. பெயர் தெரியாவிட்டால் மையத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, முன்பதிவு இல்லாமல் சற்று நேரம் பேசும் வசதி உண்டா என்று கேட்டாலே போதும். எந்த நாள், எந்தக் கட்டடம், எந்த அறை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பதோடு, பல இடங்களில் அன்றைக்கு அங்கே இருக்கப்போகும் கவுன்சலரைப் பற்றிய சிறு குறிப்பும் இருக்கும். பன்னாட்டு மாணவர்களோடு பணியாற்றிய அனுபவம் உள்ளவர் ஒருவர் இருந்தால் அவர் வரும் நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. தெற்காசியப் பின்னணி உள்ளவர் கிடைத்தால் சிலருக்கு அது பெரிய ஆறுதல்; வேறு சிலருக்கோ நம் ஊர் முகத்தைக் கண்டாலே வாய் அடைத்துவிடும். இரண்டுமே இயல்பானவை, உங்களுக்கு எது எளிதோ அதையே செய்யுங்கள்.

2020க்குப் பிறகு பல மையங்கள் இதைக் காணொளி வழியாகவும் நடத்துகின்றன. அறைத் தோழர்கள் மூவரோடு ஒரே வீட்டில் இருப்பவருக்குக் காணொளி அவ்வளவாகப் பயன்படாது. அப்படிப் பேசித்தான் ஆகவேண்டும் என்றால் நூலகத்தில் மூடிய சிறு அறை ஒன்றை முன்பதிவு செய்துகொள்ளுங்கள். இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். கவுன்சலர்களுக்கான உரிமம் அமெரிக்காவில் மாநிலவாரியாக வழங்கப்படுவதால், கோடையில் இன்டர்ன்ஷிப்புக்காக வேறு மாநிலத்தில் இருக்கும்போது உங்கள் பல்கலைக்கழகக் கவுன்சலரால் உங்களோடு பேசமுடியாமல் போகலாம். நன்றி நவிலல் விடுமுறையிலும் குளிர்கால விடுமுறையிலும், அதாவது தனிமை மிகவும் உறைக்கும் நாள்களில், இந்த அறைகள் பெரும்பாலும் பூட்டியே இருக்கும். ஆகவே டிசம்பரில் போய்க்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல் செமஸ்டரின் நடுவிலேயே ஒருமுறை போய்விடுங்கள்.

இரண்டாம் படி: காத்திருத்தலும் கண்ணில் படுதலும்

முதலில் வருபவருக்கு முதலில் என்பதே முறை. நேரம் தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போனால் காத்திருக்கவேண்டி வராது. தேர்வு வாரங்களில் அரைமணி நேரம் காத்திருக்க நேரலாம். வாசலில் உட்கார்ந்திருப்பதை நம் ஊர் ஆள் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு நிறையவே இருந்தது. ஊர்க்காரர்கள் ஐம்பது பேர் ஒரே வாட்ஸாப் குழுவில் இருக்கும் இடத்தில் அந்தப் பயத்தை அற்பமானது என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆனால் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தின் வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர் மாணவர் விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவத்துக்காக வந்தாரா, வேறு எதற்காவது வந்தாரா என்பதை யாராலும் ஊகிக்கமுடியாது. அதற்கும் மனம் ஒப்பவில்லை என்றால் உங்கள் துறைக்குத் தொடர்பே இல்லாத கட்டடத்தைத் தேர்ந்தெடுங்கள். நான் கணினித் துறை மாணவன். முதன்முறை போனது இசைக் கல்லூரிக் கட்டடத்துக்கு.

மூன்றாம் படி: ஒரு தாளில் மூன்று வரிகள்

இருபது நிமிடம் குறுகியது. போவதற்கு முன் ஒரு தாளில் மூன்று செய்திகளை எழுதிக்கொள்ளுங்கள்: என்ன நடக்கிறது, எப்போதிலிருந்து நடக்கிறது, இன்று இங்கிருந்து எதை எடுத்துச்செல்ல விரும்புகிறேன். மூன்றாவது வரி தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்றே எழுதுங்கள், அதுவும் அவர்கள் அடிக்கடி கேட்கும் பதில்தான்.

மனச்சோர்வு, பதற்றக் கோளாறு போன்ற சொற்களைத் தேடி அலையவேண்டாம். நம் வீடுகளில் மனத்தின் வலியை உடம்பின் வழியாகச் சொல்லித்தான் நமக்குப் பழக்கம். நெஞ்சு படபடக்கிறது, சோறு இறங்கவில்லை, தலை கனக்கிறது, படுத்தால் தூக்கம் வரவில்லை, வகுப்புக்குக் கிளம்பும்போது வயிற்றைக் கலக்குகிறது என்று எது உண்மையோ அதையே அப்படியே சொல்லுங்கள். ‘நான்கு வாரமாக இரவு மூன்று மணிக்கு முன் தூங்கியதில்லை, ஒரு வேளைதான் சாப்பிடுகிறேன், ஆய்வகத்தில் என் அட்வைசரிடமிருந்து மின்னஞ்சல் வந்தால் திறக்கப் பயமாக இருக்கிறது’ என்று ஒரு மாணவர் சொன்னால், அனுபவமுள்ள கவுன்சலருக்கு அதுவே நல்ல தொடக்கம். நாளும் எண்ணிக்கையும் சேர்த்துச் சொன்னால் நிலைமையின் கனம் அவருக்கு உடனே விளங்கும்; ‘கொஞ்சம் டென்ஷன்’ என்று மட்டும் சொன்னால் நீங்களும் அவரும் அதைச் சிறியதாக எடுத்துக்கொண்டு நேரத்தைக் கழித்துவிடுவீர்கள்.

ஆங்கிலத்தில் பேசவேண்டுமே என்ற தயக்கத்தில் பலர் போகாமலேயே இருந்துவிடுகிறார்கள். இலக்கணப் பிழையை அங்கே யாரும் கவனிப்பதில்லை. எழுதிய தாளைப் பார்த்துப் படித்தாலும் தவறில்லை, அதை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டாலும் தவறில்லை.

நான்காம் படி: உள்ளே

கவுன்சலர் தன் பெயரைச் சொல்லி, உங்கள் பெயரைக் கேட்பார். பெயர் சொல்ல விரும்பவில்லை என்றால் அதைச் சொல்லலாம், பல இடங்களில் அனுமதிக்கிறார்கள். பிறகு, பேசுவது இரகசியமாக இருக்கும் என்பதையும் அதற்கு எந்தச் சூழ்நிலைகளில் விலக்கு உண்டு என்பதையும் சுருக்கமாக விளக்குவார். சில மையங்களில் சந்திப்பைப் பற்றிச் சிறு குறிப்பு எழுதி வைப்பார்கள், சிலவற்றில் எழுதுவதில்லை. எப்படி என்று நேராகக் கேளுங்கள், கேட்பதை யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். அதன்பின் ‘இன்று எதைப் பற்றிப் பேசலாம்?’ என்பது போன்ற ஒரு கேள்வி வரும். அமைதியாகவே ஒரு நிமிடம் கழிந்தாலும் பரவாயில்லை, அழுகை வந்தாலும் பரவாயில்லை; மேசையில் காகிதக் கைக்குட்டை வைத்திருப்பது அதற்காகத்தான்.

நம் பக்கத்துச் செய்திகள் சிலவற்றைச் சற்று விளக்கவேண்டி வரும். ஊரில் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் அடகு வைத்துக் கல்விக் கடன் எடுத்திருக்கிறோம் என்றால், ஒரு பாடத்தில் தோற்பது அமெரிக்க மாணவருக்கு ஒரு கிரேடு மட்டும்தான், நமக்கோ அது அப்பாவின் வீட்டைத் தொடும் விஷயம் என்பதை அவர் தாமாக ஊகிக்கமாட்டார். தங்கையின் கல்யாணச் செலவுக்குப் பணம் அனுப்பவேண்டும், அதனால் ஓபிடி காலத்தில் (படிப்புக்குப் பின் வேலை பார்க்க மாணவர் விசா அனுமதிக்கும் காலம்) வேலை கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்று இரவெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பெற்றோரை விட்டுக்கொடுப்பதாக இருக்குமோ என்று தயங்கவேண்டாம். குடும்பத்தின்மேல் உள்ள பாசமும் குடும்பத்தால் வரும் பாரமும் ஒரே மனத்தில் இருப்பதை அவர்கள் அன்றாடம் கேட்கிறார்கள்.

சாதியும் அப்படித்தான். ‘உங்கள் சொந்த ஊர் எது, உங்கள் அப்பா பெயரின் பின்பகுதி என்ன’ என்று சுற்றி வளைத்துக் கேட்கும் சக இந்திய மாணவர்களின் விசாரிப்பு எவ்வளவு காயப்படுத்தும் என்பது, அதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இலும், கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு 2022இலும் தங்கள் பாகுபாடு எதிர்ப்புக் கொள்கைகளில் சாதியைச் சேர்த்த பிறகு இந்தச் சொல் அமெரிக்கக் கல்விச் சூழலில் முன்பைவிட அதிகம் அறியப்பட்டிருக்கிறது. என்றாலும் உங்கள் எதிரே இருப்பவர் அதைக் கேள்விப்படாதவராக இருக்கலாம். அப்படியானால் இரண்டு வாக்கியங்களில் விளக்குங்கள், ஆனால் உங்கள் இருபது நிமிடத்தையும் வகுப்பெடுப்பதிலேயே செலவழித்துவிடாதீர்கள். அவருக்குப் புரியவில்லை என்று தோன்றினால் அடுத்த வாரம் வேறொருவரிடம் போவதே மேல்.

கடைசி ஐந்து நிமிடங்களில் அவர் சில வழிகளைச் சொல்வார். அப்போது எழுதிக்கொள்ளுங்கள். தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்ததும் மறந்துபோவது இயல்பு, மனம் களைத்திருக்கும்போது நினைவும் களைத்துத்தான் இருக்கும்.

இரகசியம் பற்றி

நான் பேசிய ஜூனியர்கள் அனைவரும் கேட்ட முதல் கேள்வி இதுதான் என்பதால் இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் கவுன்சலரிடம் பேசியது உங்கள் பேராசிரியருக்கோ துறைக்கோ பன்னாட்டு மாணவர் அலுவலகத்துக்கோ உங்கள் அனுமதி இல்லாமல் போகாது. பதினெட்டு வயது நிறைந்தவர் நீங்கள். கவுன்சலர் உங்கள் பெற்றோரை அழைத்து ‘உங்கள் பிள்ளை இங்கே வந்தார்’ என்று சொல்வதில்லை. எஃப்-1 விசா மாணவர்களைப் பற்றிப் பல்கலைக்கழகம் செவிஸ் என்னும் அரசின் பன்னாட்டு மாணவர் தரவுத்தளத்தில் பதிவது உங்கள் சேர்க்கை, பாடச்சுமை, முகவரி, வேலை அனுமதி போன்றவற்றை. கவுன்சலரோடு பேசினீர்கள் என்பது அதில் பதியப்படும் செய்தி அல்ல. விசா விண்ணப்பமான டிஎஸ்-160இல் மனநோய் பற்றி ஒரு கேள்வி இருக்கிறதே என்று சிலர் அஞ்சுகிறார்கள். தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடிய கோளாறு உண்டா என்பதே அந்தக் கேள்வி. தூக்கமின்மையைப் பற்றியோ வீட்டு நினைவைப் பற்றியோ ஒரு பிற்பகல் பேசியதை அது கேட்கவில்லை.

விலக்குகளும் உண்மையானவை. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ உடனடி ஆபத்து இருக்கிறது என்று கவுன்சலர் கருதினாலோ, ஒரு குழந்தையோ முதியவரோ கொடுமைக்கு உள்ளாவது தெரியவந்தாலோ, நீதிமன்றம் ஆணையிட்டாலோ அவர் தேவையானவர்களுக்குத் தெரிவிக்கவேண்டி வரும். பிறருக்கு ஆபத்து என்னும் விலக்கு, கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976இல் அளித்த டராசாஃப் தீர்ப்பிலிருந்து (ஆபத்தில் இருப்பவரைக் காக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்ற தீர்ப்பு) பல மாநிலங்களின் சட்டங்களுக்குள் வந்தது. அதேசமயம், ‘சில நேரம் வாழவே பிடிக்கவில்லை’ என்று சொன்ன மாத்திரத்தில் காவல்துறையை அழைத்துவிடுவார்கள் என்ற வதந்தியை நம்பி, சொல்லவேண்டியதைச் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் அவர்கள் மேலும் கேள்விகள் கேட்டு, எண்ணம் மட்டும்தானா, திட்டம் ஏதாவது இருக்கிறதா என்று நிதானமாகத் தெரிந்துகொள்கிறார்கள். பெரும்பாலான உரையாடல்கள் அந்த அறைக்குள்ளேயே, பாதுகாப்புக்கான சில ஏற்பாடுகளோடு முடிகின்றன.

பாலியல் தொல்லை போன்ற விஷயங்களில் இன்னொரு வேறுபாட்டைத் தெரிந்திருக்கவேண்டும். பல பல்கலைக்கழகங்களில் பேராசிரியர்கள், ஆய்வை வழிநடத்தும் அட்வைசர்கள், டீச்சிங் அசிஸ்டென்ட் வேலை பார்க்கும் சக மாணவர்கள்கூட, தங்களிடம் யாராவது சொன்னால் அதை நிர்வாகத்துக்குத் தெரிவிக்கும் கடமை உள்ளவர்கள். கவுன்சலருக்கு அந்தக் கடமை கிடையாது. புகார் செய்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவெடுக்காதவர் முதலில் பேசத் தகுந்த இடம் கவுன்சலரின் அறைதான்.

ஐந்தாம் படி: வெளியே வந்த பிறகு

ஒருமுறை பேசியதிலேயே பாரம் இறங்கிவிட்டது என்றால் நல்லது. மறுபடி வேண்டுமானால் மறுபடி போகலாம். தொடர்ந்து பேசவேண்டும் என்று அவர் பரிந்துரைத்தால் ஆலோசனை மையத்தில் முறையான முதல் சந்திப்புக்கு அன்றே நேரம் வாங்கிவிடுங்கள், ஏனென்றால் செமஸ்டர் நடுவில் அங்கே காத்திருப்பு நீளும். மருந்து தேவைப்படலாம் என்றால் மாணவர் சுகாதார மையத்தின் மருத்துவரையோ மனநல மருத்துவரையோ பார்க்கவேண்டும். வெளியிலுள்ள சிகிச்சையாளரிடம் அனுப்பினால், உங்கள் காப்பீடு அவரை ஏற்கிறதா, ஒவ்வொரு முறையும் கையிலிருந்து எவ்வளவு கட்டவேண்டும் என்பதை முதல் சந்திப்புக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாடச்சுமையைக் குறைக்கலாம் என்ற யோசனை எழுந்தால் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். விசா மாணவர் முழுநேரப் பாடச்சுமைக்குக் கீழே போவதற்குப் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தின் முன் அனுமதி கட்டாயம்; பாடத்தை விட்டுவிட்டுப் பிறகு போய்ச் சொன்னால் விசா நிலையே பாதிக்கப்படும். மருத்துவக் காரணத்துக்காகக் குறைக்க விதிகளில் இடம் இருக்கிறது, ஒரு பட்டப்படிப்பு நிலையில் மொத்தம் 12 மாதங்கள் வரை. மனநலக் காரணமும் அதில் அடங்கும். ஆனால் அதற்கான கடிதம் உரிமம் பெற்ற மருத்துவரிடமிருந்தோ உரிமம் பெற்ற மருத்துவ உளவியலாளரிடமிருந்தோ வரவேண்டும். இருபது நிமிடம் பேசிய கவுன்சலரிடமிருந்து அதை எதிர்பார்க்கமுடியாது, யாரிடம் வாங்கலாம் என்பதற்கு அவர் வழிகாட்டுவார்.

முதல் கவுன்சலரோடு ஒத்துப்போகவில்லை என்றால் அந்த ஒரு அனுபவத்தை வைத்துக் கதவைச் சாத்திவிடாதீர்கள். நான் முதலில் சந்தித்தவர் மூச்சுப் பயிற்சி சொல்லி அனுப்பினார். எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்று வாரம் கழித்து வேறொரு கட்டடத்தில் சந்தித்தவர், கடைசியாக நன்றாகச் சிரித்தது எப்போது என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை என்பதிலிருந்துதான் என் பேச்சு தொடங்கியது.

இந்த அறை போதாத நேரம்

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் திட்டமாக மாறும்போதும், அளவுக்கு மீறி மாத்திரை விழுங்கியிருந்தாலும், யாராவது மிரட்டித் தாக்கினாலும், அடுத்த செவ்வாய்க்கிழமைப் பிற்பகல்வரை காத்திருக்கக் கூடாது. 988 என்ற எண் 2022 ஜூலை முதல் அமெரிக்கா முழுவதற்குமான தற்கொலைத் தடுப்பு மற்றும் நெருக்கடி உதவி எண். இரவும் பகலும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். உடனடி ஆபத்துக்கு 911. பல ஆலோசனை மையங்களின் எண்ணுக்கு அலுவல் நேரத்துக்குப் பிறகு அழைத்தாலும் நெருக்கடிக் கவுன்சலரோடு இணைக்கும் வசதி இருக்கிறது; அந்த எண்ணை இப்போதே கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அறைத் தோழர் சில நாள்களாகச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார் என்றால், ‘கவுன்சலரிடம் போ’ என்று சொல்லிவிட்டு நகராமல், ‘நானும் வருகிறேன், வெளியே உட்கார்ந்திருக்கிறேன், முடிந்ததும் சேர்ந்து சாப்பிடலாம்’ என்று சொல்லி அழைத்துப்போங்கள். அவர் மறுத்தால் நீங்கள் தனியாகப் போய், நண்பருக்கு எப்படி உதவுவது என்று கேட்கலாம். அதற்கும் இந்த அறை திறந்தே இருக்கிறது.

ஊரிலுள்ள பெற்றோருக்கும் ஒன்று சொல்லிவையுங்கள். பிள்ளையைத் தொடர்புகொள்ள முடியாமல் பதறும் இரவில் அவர்களால் இந்தியாவிலிருந்து 911ஐயோ 988ஐயோ அழைக்கமுடியாது. பல்கலைக்கழகக் காவல் பிரிவின் முழு எண்ணை நாட்டுக் குறியீட்டோடு கொடுத்துவிட்டால், அதை அழைத்து, அறைக்குப் போய் நலமாக இருக்கிறாரா என்று பார்க்கும்படி அவர்கள் கேட்கமுடியும். அந்த எண்ணையும் உங்கள் முகவரியையும் ஒரு அறைத் தோழரின் எண்ணையும் ஒரே தாளில் எழுதச் சொல்லி, வீட்டில் நாள்காட்டி மாட்டியிருக்கும் இடத்தின் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.